பன்னிரண்டு வலது கால்கள்

“பெரிய வியாழக்கிழமை நீங்க கால் கழுவுற பன்னிரண்டு பேர்ல எங்கம்மாவும் உக்காரணும் ஃபாதர்.”

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். இயேசு கடைசி இரவு தன் பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவும் சடங்கு அது. நான் போனது நன்னடத்தைக் கடிதத்துக்கு. கான்வென்ட் பள்ளியில் ஆசிரியர் வேலை. பங்குச்சாமியார் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அம்மா அற்புதம், பதினெட்டு வருடமாக இந்தக் கோவிலைக் கூட்டித் துடைப்பவள்.

சாமியார் பேனா மூடியைக் கழற்றிய கையோடு நின்றுவிட்டார். பங்குக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பதில் பக்கத்து நாற்காலியிலிருந்து வந்தது. கோவில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவையின் செயலர் கிளாட்வின்.

“லிஸ்ட் போன ஞாயிறே வாசிச்சாச்சு பாப்பா. உங்கம்மாவை யாரு இடத்துல உக்கார வைக்க, யூதாசு இடத்துலயா?”

“யூதாசு காலையும் சேத்துத்தான் சார் இயேசு கழுவுனாரு. உங்க பேரு எத்தனை வருஷமா இருக்கு அந்த லிஸ்ட்ல?”

“பெனிட்டா,” கதவோரம் நின்ற அம்மா முணுமுணுத்தாள். “கடுதாசிய வாங்கிட்டு வாடி.”

சாமியார் செருமினார். “பொம்பளைங்க உக்காரக் கூடாதுன்னு இல்லம்மா. ரோமாபுரியே அனுமதிச்சாச்சு. ஆனா இது புனிதமான சடங்கு. கடவுளுக்குன்னு தனியா பிரிச்சு வச்சது. இதுல போட்டி வேணாம். அடுத்த வருஷம் பாப்போம்.”

“எங்க தெருவுலேருந்து இதுவரைக்கும் ஒருத்தரும் உக்காந்ததில்ல ஃபாதர். எங்களுக்கு எப்பவும் அடுத்த வருஷந்தான்.”

“தெருவை எதுக்கு இழுக்குற?” என்றார் கிளாட்வின். “அற்புதம் காலைப் பாரு. பித்தவெடிப்பு. ஃபாதர் துடைச்சுட்டு முத்தம் குடுக்கணும். சபை முன்னால சங்கடமா இருக்காது?”

அம்மா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குமேல் எனக்கு அடங்கவில்லை.

“உங்க காலு அன்னிக்கு எப்படி சார் சுத்தமா இருக்கு? அதை ஃபாதர்கிட்ட சொன்னீங்களா?”

அவர் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னால் பன்னிரண்டு பேரும் கோவிலுக்குப் பின்னால் குழாயடிக்கு வருவார்கள். வயல் சேறு, மீன் மார்க்கெட் ஈரம், பைக் கிரீஸ் எல்லாம் அந்தக் கால்களில் இருக்கும். அம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். பிறகு மண் ஒட்டாமலிருக்கச் சாக்கு விரித்து உள்ளே அனுப்புவாள். சாமியார் வலது காலைத்தான் கழுவுவார் என்பதால் அதற்குக் கூடுதல் தேய்ப்பு. ஒரு வருடம் ஒருவர் மறந்துபோய் இடது காலை நீட்டிவிட்டார். திட்டு வாங்கியது அம்மா.

சாமியாரின் முகம் மாறியது. “நெசமாம்மா?”

“சாமி கை அழுக்காகக் கூடாதுல்ல,” என்றாள் அம்மா, தப்பு செய்தவள் மாதிரி. “முந்தி இருந்த சாமி சொன்னது.”

“அன்னிக்கு சீடர்களெல்லாம் கால் கழுவிட்டு வந்தா உக்காந்தாங்க?” என்றேன். “இயேசு குஷ்டரோகியைத் தொட்டாரே ஃபாதர், போனது குஷ்டந்தானே? அவரோட புனிதமா போச்சு? தொட்டா கெட்டுப்போகும்னா அது புனிதமே இல்ல. வெறும் சலவை.”

கிளாட்வின் எழுந்தார். “இந்த வாய்க்கு நன்னடத்தைன்னு கையெழுத்துப் போட்டீங்கன்னா பேரவை கேள்வி கேக்கும் ஃபாதர்.”

சாமியார் கடிதத்தைப் பார்த்தார். கிளாட்வினைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“ஈஸ்டர் முடியட்டும் பெனிட்டா. மனசு ஆறுனதும் வா.”

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. அது அவருக்கும் தெரியும்.

அம்மா அழத் தொடங்கினாள். “சின்னப் புள்ள சாமி, மன்னிச்சுக்குங்க. ஏய், மன்னிப்புக் கேளுடி.”

கேட்டிருந்தால் அந்த நிமிடமே கையெழுத்து விழுந்திருக்கும். சாமியார் அதற்குத்தான் காத்திருந்தார். பேனா இன்னும் கையில்தான் இருந்தது.

“வியாழக்கிழமை குழாயடியில எங்கம்மா இருக்க மாட்டாங்க ஃபாதர். நான் நிப்பேன். ஒருத்தரையும் குழாயைத் தொட விடமாட்டேன். வந்த காலோட உள்ள வரட்டும். நீங்களே கழுவுங்க.”

“யாரைக் கேட்டு?” என்றார் கிளாட்வின்.

அம்மாவும் அதையேதான் கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன்.