துணைக்குரல்

பத்து வருடமாக ஒரே ராக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர் தூண். மேடையில் இருப்பான், யாரும் பார்க்க மாட்டார்கள். பாட்டெல்லாம் அவன் எழுதி மெட்டுப் போட்டவை. பாடிக் கைதட்டல் வாங்கியது மயில் என்கிற முன்னணிப் பாடகன். அவனுக்குத் தலைமுடி பாதி, தலைக்கனம் மீதி. பல்லவி வரும்போது மட்டும் தூண் பக்கத்து மைக்கில், மயில் பாடும் மெட்டுக்கு இணையாக வேறு சுரத்தில் துணைக்குரல் கொடுப்பான்.

"எல்லாமே என் மனசுலேர்ந்து வந்த பாட்டு" என்று மயில் ஒரு பேட்டியில் கூசாமல் அளந்துவிட்டான். தூண் அன்றே குழுவை விட்டு விலகினான்.

"தனியா பாடறதெல்லாம் உனக்குத் தேவையாடா?" என்றாள் மேடைகளுக்கு ஒலியமைக்கும் அவன் அக்கா.

"இப்ப நான் பாடலைன்னா அது அவன் பாட்டாவே போயிடும்க்கா."

வீட்டில் பழைய ஒலிப்பதிவை ஓடவிட்டு அதோடு சேர்ந்தே பாடிப் பழகினான். எல்லாம் பிரமாதமாகக் கேட்டது. கேட்காமல் என்ன செய்யும், கூடவே மயிலும் பாடிக்கொண்டிருந்தானே!

முதல் தனிக் கச்சேரி. அரங்கு நிறைந்திருந்தது. ஊருக்கே தெரிந்த பாட்டை எடுத்தான். பல்லவி வந்ததும், ஒலிப்பதிவின் துணையில்லாத வாய் நேர் மெட்டை விட்டுவிட்டுப் பழைய துணைக்குரலைப் பாடியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது.

ஒலியமைப்பு மேசையிலிருந்து அவன் காதுக் கருவியில் அக்கா சீறினாள். "டேய், பாட்டு எங்கடா? நீ பக்கவாட்டுலயே போயிட்டிருக்க!"

பதறிப்போய் நேர் மெட்டுக்குத் தாவினான். அப்படியே மயிலின் இழுப்பும் முனகலும் வந்து விழுந்தன. அரங்கு வெடித்துச் சிரித்தது. "மயிலையே கூப்பிடுங்கப்பா!" என்று எவனோ கத்தினான்.

மானம் கப்பலேறியது. தூணுக்கு அழுகை முட்டியது. ஓடிவிடலாமா என்றுகூடப் பார்த்தான். பிறகு, இதுவரை யாருமே பாடாத ஒரு புதுப் பாட்டை எடுத்தான். ஒட்டிக்கொள்ள இதில் வேறு குரலே கிடையாது. இரண்டாவது அடியிலேயே தொண்டை கீச்சென்று பிளந்தது. மறுபடியும் சிரிப்பு.

"நிறுத்திட்டு முதல்லேர்ந்து எடுடா" என்றாள் அக்கா காதில்.

"வேணாம்க்கா" என்று மைக்கிலேயே, ஊர் கேட்கச் சொன்னான். "தப்பா பாடினாலும் இது நான் பாடறது."

மூன்றாவது அடிக்குப் போனான்.