ஒற்றில்லாத நத்தை

என் அக்கா நூலகத்தில் பட்டியல் எழுதுகிறவள். நகரின் பெரிய நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வந்தாலும், அதன் தலைப்பும் ஆசிரியர் பெயரும் அவள் விரல் வழியாகத்தான் கணினிக்குள் போக வேண்டும். போகிற வழியில் க், ச், த், ப் எங்காவது விட்டுப்போயிருந்தால் சேர்த்துவிடுவாள். அங்கே வேலை செய்கிறவர்கள் அவளை ஒற்றம்மா என்று கூப்பிடுவது அவளுக்கும் தெரியும். அதில் அவளுக்குப் பெருமைதான். இந்தக் கதையையும் அவள் படிப்பாள் என்பதால் கொஞ்சம் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அத்தானும் நூலகர். ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறார். அட்டையில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே பதிவார், தப்பாக இருந்தாலும். "அவங்க வச்ச பேரு. மாத்த நான் யாரு?" என்பார். இந்த விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

நான் கணினிக்காரன். ஐந்து நூலகங்களின் கணினிப் பட்டியல்களையும் ஒரே பெட்டியில் தேடும்படி செய்வது என் வேலை. பெட்டியில் ஒரு தலைப்பைத் தட்டினால், என் நிரல் ஐந்திடமும் ஒரே நேரத்தில் கேட்டு, வருகிற பதில்களை ஒன்றாக அடுக்கித் தர வேண்டும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தும் ஐந்து மாமியார்கள். ஒன்று உடனே பதில் சொல்லும், ஒன்று யோசித்துச் சொல்லும், ஒன்று கேட்ட விதம் சரியில்லை என்று வாயே திறக்காது.

அத்தானுடைய நூலகத்தின் பின்னறையில்தான் எனக்கு மேசை போட்டிருந்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் கை கழுவிய ஈரத்தோடு வந்து நிற்பார். "மச்சான், ஒரு சோதனை பண்ணிப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, எப்போதும் ஒரே தலைப்பைத் தட்டுவார்: நத்தை கதைகள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று வரும். "சரி, நல்லா வேலை செய்யுது" என்று போய்விடுவார்.

எனக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. "ஒன்னும் கிடைக்கலன்னு வருது. நல்லா வேலை செய்யுதுங்கிறீங்க. என்ன அத்தான் இது?"

கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "அது நான் எழுதினது" என்றார்.

கல்யாணத்துக்கு முன்னால், தன் தங்கைக்குச் சொன்ன கதைகளைச் சின்னப் புத்தகமாக அச்சடித்திருக்கிறார். சொந்தப் பெயரைப் போட வெட்கப்பட்டு 'ஒரு அண்ணன்' என்று மட்டும் போட்டிருக்கிறார். சில நூலகங்களுக்குத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தது போக, மிச்சமிருந்த கட்டு முழுவதும் வீட்டுக் கூரை ஒழுகிக் கூழாகிவிட்டது. இப்போது அந்தத் தங்கைக்கு ஒரு மகள். தினமும் தூங்கப் போகும்போது நத்தைக் கதை கேட்கிறாளாம்.

"கல்யாணத்துக்குக் கிளம்பின நத்தைன்னு ஒரு கதை. அது எப்படி முடியும்னு தங்கச்சிக்கும் ஞாபகம் இல்ல, எனக்கும் ஞாபகம் இல்ல. நானே எழுதி நானே தொலைச்சுட்டேன். ஒவ்வொரு நூலகத்துலயும் தனித்தனியா தேடிட்டேன், ஒரு அண்ணன்னு போட்டும் தேடிட்டேன். எங்கயாவது ஒரு பிரதி உயிரோட இருந்தா போதும் மச்சான்."

"அக்காகிட்ட கேக்க வேண்டியதுதானே?"

"உங்க அக்காகிட்டயா? கதைய விட்டுட்டு ஒற்று எண்ணுவா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. சிடுசிடுத்தோமே என்று சங்கடமாக இருந்தது.

அந்த வாரமே அக்கா சோதனைக்கு வந்தாள். 'கோழிப் பண்ணை' என்று தட்டினாள். அவளுடைய நூலகத்திலிருந்து மட்டும் புத்தகங்கள் வந்து குவிந்தன. மற்ற நான்கும் கம்மென்று இருந்தன.

"பாத்தியா, மத்தவங்ககிட்ட கோழியே இல்ல" என்றாள்.

அத்தான் எட்டி, ப்-ஐ அழித்துவிட்டுத் தேடினார். நான்கு நூலகங்களும் வாரி வழங்கின. அக்காவின் நூலகம் வாயை மூடிக்கொண்டது.

"உங்க கோழிதான் பறந்துடுச்சு" என்றார் அத்தான்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற இரண்டு பேர், ஒரு புள்ளி எழுத்துக்காக நூலகங்களைப் பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள். இருவரையும் வெளியே போய்த் தேநீர் குடிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எந்தத் தலைப்பைத் தட்டினாலும் ஒற்றோடு ஒருமுறை, ஒற்றில்லாமல் ஒருமுறை கேள் என்று நிரலுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுக்கும்போதே எனக்குப் பொறிதட்டியது.

திரும்பி வந்தவர்கள் முன்னால் நத்தை கதைகள் என்று தட்டினேன். அத்தான் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். அதற்குள் ஒரே ஒரு பதில் வந்துவிட்டது.

பெரிய நூலகம். நத்தைக் கதைகள். ஆசிரியர்: ஓர் அண்ணன். குறிப்பு: தலைப்பிலும் ஆசிரியர் பெயரிலும் இருந்த பிழைகள் திருத்தப்பட்டன.

"இருக்கு" என்றார் அத்தான். கொஞ்சம் கழித்து மறுபடியும், "இருக்கு" என்றார்.

அக்கா குனிந்து திரையைப் பார்த்தாள். "இதுவா? நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல பதிஞ்சது. அட்டையிலயே ரெண்டு தப்பு. அந்த அண்ணன் மட்டும் கையில கிடைச்சா நல்லா நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன்."

"கேளு" என்றார் அத்தான்.

அக்காவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணத்துக்குக் கிளம்பின நத்தை... அது நீங்க எழுதினதா?"

"அது எப்படி முடியும்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார் அத்தான்.

"ஏன் இல்லாம? நத்தை போய்ச் சேரும்போது அந்தக் கல்யாணப் பொண்ணுக்குக் குழந்தை பொறந்து, மொத பிறந்தநாள் நடந்துட்டிருக்கும். கூட்டத்தப் பாத்துட்டு, நல்லவேளை சரியான நேரத்துக்கு வந்துட்டோம்னு நெனச்சுக்கும். வயிறாரச் சாப்பிடும். பொண்ணையும் மாப்பிள்ளையையும் வாழ்த்திட்டுக் கிளம்பும். அத்தன பேர் இருந்தும், தப்பா வந்துட்டேன்னு யாரும் அதுகிட்ட சொல்ல மாட்டாங்க." அக்கா நிறுத்தினாள். "அந்த இடத்துல அழுதேன். அதான் மறக்கல."

அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "நத்தைய யாரும் திருத்தல. என்னை மட்டும் திருத்திட்ட."

பிறகு அத்தானின் தங்கைக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். முடிவை அக்காவையே சொல்லச் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல, தானும் முதல்முறை கேட்கிறவர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அந்தத் தலைப்பை நானே மறுபடி தட்டிப் பார்த்தேன். ஒற்றைச் சேர்த்துத் தேட என் நிரலுக்கு அங்கே வேலையே இல்லை. அக்காவின் பதிவில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது: 'ஆசிரியர் வைத்த தலைப்பு: நத்தை கதைகள்.' வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் ஒற்றில்லாமல் எழுதிய ஒரே வரி அதுதான்.