ஒரு தெருவே வளர்த்த பூனையோட ஈரல்

ஒரு பூனைக்கு எத்தனை வீடு இருக்கும்னு நினைக்கிறீங்க? இஸ்தான்புல்ல, கடலைப் பாத்து சரிஞ்சு இறங்குற ஒரு சந்துல ஒரு வெள்ளைப் பூனைக்கு மூணு வீடு இருந்துச்சு. வீட்டுக்கு ஒண்ணா மூணு பேரு வெச்சிருந்தாங்க. இஸ்திரிக் கடை ஹிக்மெத்துக்கு அது பமுக், அதாவது பஞ்சு. மீன்கடை நெஜ்தெத்துக்கு பாஷா, அதாவது அந்தக் காலத்துத் தளபதி. பொட்டைப் பூனைக்கு எவனாவது பாஷான்னு பேரு வெப்பானான்னு கேட்டா, "அது நடக்குற நடையப் பாருய்யா, வேற என்னன்னு கூப்பிடுறது?"ம்பான். மூணாவது மாடி பெரிஹான் அக்காவுக்கு அது வெறும் "மகளே". அந்தம்மா முட்டிவலியில கீழ இறங்குறதே இல்ல. ஜன்னல்லேர்ந்து கயித்துல கூடைய இறக்குவாங்க, ரொட்டிக்காரன் அதுல ரொட்டிய வெப்பான். அதே கூடையில தினமும் பூனைக்கு வேகவெச்ச கோழி இறங்கும்.

சாப்பாடு எங்க வேணா இருக்கட்டும், தூக்கம் மட்டும் ஹிக்மெத் கடையிலதான். தேச்சு அடுக்கின போர்வை மேல, சூடு ஆறுறதுக்குள்ள ஏறிப் படுத்துக்கும். வெள்ளைப் போர்வையில வெள்ளை முடிங்கிறதால யாருக்கும் தெரியாது. கறுப்புக் கோட்டுல படுத்தாத்தான் வம்பு.

ஹிக்மெத்தோட பொண்டாட்டி சாதெத் செத்ததுக்கு அப்புறம் அந்தக் கடையில இஸ்திரிப்பெட்டி விடுற ஆவிச் சத்தம் தவிர வேற சத்தம் கிடையாது. வர்றவங்க துணியக் குடுத்துட்டு, அவன் மூஞ்சியப் பாத்துட்டு, பேசாம போயிடுவாங்க. பூனை வந்து சேந்த பிறகுதான், தொழில் தெரிஞ்சவங்களைக் கூப்பிடுற மரியாதையில "உஸ்தா, பூனை இருக்கா?"ன்னு கேட்டுக்கிட்டு ஆளுங்க உள்ள தலைய நீட்ட ஆரம்பிச்சாங்க. தலைய நீட்டினவங்க உக்காந்தாங்க. உக்காந்தவங்களுக்கு டீ போட வேண்டி வந்துச்சு. தன்னைத் திரும்ப மனுஷனாக்கினது அந்தப் பூனைதான்னு ஹிக்மெத் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஆனா அவனுக்குத் தெரியும்.

ஒரு நாள் காலையில சட்டை மேலேர்ந்து அதைத் தூக்கினான். ஜன்னல் வெளிச்சம் காது வழியா ஊடுருவிச்சு. ரோஜா நிறத்துல இருக்க வேண்டிய காது எலுமிச்சம்பழத் தோல் மாதிரி மஞ்சளா இருந்துச்சு. ஒரு தலையணை உறைக்குள்ள அதை வெச்சுக்கிட்டு, கடையக்கூட பூட்டாம, மேட்டுல இருக்குற மிருக டாக்டர் குல்ரிஸ்கிட்ட ஓடினான்.

"உஸ்தா, இது எத்தனை நாளா சாப்பிடல?"

"சாப்பிடாம என்ன டாக்டரம்மா? நெஜ்தெத் கடையில மூக்குமுட்டத் தின்னுட்டுத்தான் என்கிட்ட வருது."

விஷயம் கேட்டு ஏப்ரனோடயே ஓடிவந்த நெஜ்தெத் வாசல்லயே நின்னுட்டான். "என் கடையிலயா? ஒரு வாரமா என் மீனை மோந்துகூடப் பாக்கலையே! பெரிஹான் அக்கா கோழிய ஊட்டி ஊட்டி என் மீனைக் கேவலமாக்கிட்டாங்கன்னு கோவத்துல இருந்தேன்!"

பெரிஹான் அக்காவுக்குப் போன் போட்டாங்க. "என்னடா சொல்றீங்க? கூடை தினமும் காலியாத்தானே மேல வருது!"

"அக்கா, அதைக் காலி பண்றது கடல்புறாவாத்தான் இருக்கும்"னு குல்ரிஸ் சொன்னா. போன்ல அழுகை கேட்டுச்சு.

இப்படித்தான் ஆச்சு. அங்க சாப்பிட்டிருக்கும்னு இவன், இங்க சாப்பிட்டிருக்கும்னு அவன். ஒரே வீட்டுப் பூனையா இருந்தா ரெண்டாம் நாளே தெரிஞ்சிருக்கும்.

"குண்டுப் பூனை திடீர்னு பட்டினி கெடந்தா உடம்புல இருக்குற கொழுப்பெல்லாம் ஈரலுக்குள்ள போய் அடைச்சுக்கும்"னா குல்ரிஸ். "இதுக்கு ஒரே மருந்து சாப்பாடு. வாயால திங்காது. கழுத்துல ஒரு குழாய் வெச்சு உள்ள விடணும். குழாய் வைக்க மயக்கணும்."

"மயக்குங்க."

"அதுலதான் சிக்கல் உஸ்தா. நரம்புல மருந்து போட்டா கண்ணு மூடுற நேரத்துல தூங்கிடும். அந்த மருந்த திரும்ப வெளிய தள்ளுறது யாரு? ஈரல். மனுஷன் ஈரல்ல பத்து ஆள் செய்யுற வேலைய பூனை ஈரல்ல ரெண்டு ஆளுதான் செய்யுறாங்க, பொறப்பே அப்படி. இதுக்கு அந்த ரெண்டு ஆளும் இப்ப படுத்த படுக்கை."

"அப்ப முழிக்காதா?"

"முழிக்கலாம். முழிக்காமலும் போலாம். மயக்காம விட்டா கண்டிப்பா செத்துரும்."

நெஜ்தெத் ஹிக்மெத்தப் பாத்தான். ஹிக்மெத் அந்த மஞ்சள் காதையே பாத்துக்கிட்டு இருந்தான். "பண்ணுங்க"ன்னான்.

ரெண்டு நாள் சலைன் ஏத்தி, வெட்டுற எடத்துல ரத்தம் நிக்காம போயிடக் கூடாதுன்னு ஊசி போட்டு, ரத்தப் பரிசோதனை கொஞ்சம் தேறினதும் மூணாம் நாள் மதியம் மேசையில ஏத்தினாங்க. மருந்து பால் மாதிரி வெள்ளையா இருந்துச்சு. முன்னங்கால் நரம்புல குல்ரிஸ் ஒரு துளி விட்டா, நிறுத்தினா, பூனையப் பாத்தா, இன்னொரு துளி விட்டா. விக்கலெடுத்த குழந்தைக்குத் தண்ணி குடுக்குற மாதிரி அவ்வளவு பொறுமை. வழக்கமா போடுற அளவுல பாதி போறதுக்குள்ளயே பமுக்கோட தலை சாஞ்சிருச்சு.

குழாய் சட்டுனு உள்ள போயிருச்சு. வாயத் தொறந்து பாத்தப்பத்தான் மூல காரணமே தெரிஞ்சுச்சு. கடைவாய்ப் பல்லு ஒண்ணு அழுகி ஆடிக்கிட்டு இருந்துச்சு. அந்த வலியிலதான் மீனும் வேணாம் கோழியும் வேணாம்னு இருந்திருக்கு. குல்ரிஸ் ஒரு இழு இழுத்ததும் கையோட வந்துருச்சு. "இதுக்குன்னு இன்னொரு தடவை மயக்க வேண்டியதில்ல"ன்னு குல்ரிஸ் ஊசியக் கீழ வெச்சா.

அதுக்கப்புறம் பூனை முழிக்கல.

மூச்சு இருந்துச்சு. ஆனா பாதம் ஐஸ் மாதிரி சில்லுனு ஆயிருச்சு. "உடம்பு குளுந்துச்சுன்னா ஈரல் இன்னும் மெதுவாத்தான் மருந்தக் கரைக்கும்"னு சொல்லிக்கிட்டே குல்ரிஸ் சுடுதண்ணிப் பையத் தேடினா. இருந்த ஒரே பையும் ஒழுகிச்சு.

"துண்டு போதுமா?"ன்னு கேட்டான் ஹிக்மெத்.

"சூடா இருக்கணும். சுடக்கூடாது."

ஹிக்மெத் இறக்கத்துல தன் கடைக்கு ஓடினான். துண்டுகளை விரிச்சு, ஆவி விடாம, ஈரம் படாம தேச்சான். ஒவ்வொண்ணையும் தன் கன்னத்துல வெச்சுப் பாத்து, மடிச்சு நெஜ்தெத் கையில குடுத்தான். நெஜ்தெத் மேட்டுல ஏறி ஓடுவான், ஆறின துண்ட எடுத்துக்கிட்டு இறங்கி ஓடிவருவான். மூச்சு வாங்க, "உஸ்தா, நான் மீன் விக்குறவனா, கல்யாண வீட்டுப் பரிமாறுற ஆளா?"ன்னு கேட்டான். "பேசாம ஓடு, துண்டு ஆறுது"ன்னான் ஹிக்மெத். மேல ஜன்னல்லேர்ந்து பெரிஹான் அக்கா கூடைய இறக்கினாங்க. அதுக்குள்ள அவங்க வீட்டுத் துண்டு எல்லாம், கூடவே சாதாரணமா வெளிய எடுக்காத கல்யாணச் சீர் துண்டு ரெண்டும் பூவேலையோட இருந்துச்சு. "அதையும் தேய்டா, மகளுக்குத்தானே!"

வெளிச்சம் சாயற நேரத்துல, கடைசியா தேச்ச பூவேலைத் துண்ட ஹிக்மெத்தே எடுத்துட்டுப் போய், பூனைய அது மேல படுக்க வெச்சான். கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு முன்னங்கால் விரிஞ்சுச்சு. மூடிச்சு. மறுபடி விரிஞ்சுச்சு. போர்வை அடுக்குல ஏறினதும் எப்பவும் பிசையுமே, அதே மாதிரி பூவேலைத் துண்ட நகத்தால பிசைய ஆரம்பிச்சுச்சு.

"துண்டு கிழியுது"ன்னான் நெஜ்தெத், கண்ணத் தொடச்சுக்கிட்டே.

"கிழியட்டும்"னான் ஹிக்மெத்.

குல்ரிஸ் அப்படியே நாற்காலியில உக்காந்துட்டா. நன்றிக்கு ஊர்ல எல்லாரும் சொல்றதத்தான் ஹிக்மெத்தும் சொன்னான்: "உங்க கைக்கு ஒரு குறையும் வராம இருக்கணும், டாக்டரம்மா." அவ கையப் புடிச்சு நெத்தியில வெச்சுக்கப் போனான். அது வயசானவங்களுக்குச் செய்யுற மரியாதை. மகள் வயசுக்காரி பதறிப் போய் கைய இழுத்துக்கிட்டா. "உஸ்தா, என்ன இது! நான் மருந்த கொஞ்சமா போட்டேன், அவ்வளவுதான். சூடு பண்ணினது நீங்க. ஓடினது அவரு."

"சரி, அப்ப அந்தக் கோட்டையாவது கழட்டிக் குடுங்க. கசங்கிக் கெடக்கு, பாக்கவே சகிக்கல"ன்னு அவளோட வெள்ளைக் கோட்ட வாங்கிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் காலையில பமுக்கோட காது இன்னும் மஞ்சளாத்தான் இருந்துச்சு. குழாய் வழியா முதல் சாப்பாட்ட ஹிக்மெத் மெதுவா விட்டான். "இது உள்ள நின்னாப் போதும், மஞ்சள் மெதுவா எறங்கிடும்"னா குல்ரிஸ். பூனை வாந்தி எடுக்கல.