முத்திரையக்காவோடு போன சத்தம்

முத்திரையக்கா வேலையை விட்டுப் போன மறுநாள் காலையிலிருந்து அந்த அலுவலகத்தில் எந்தப் பொருளும் சத்தம் போடவில்லை. மின்விசிறி சுற்றியது, காற்றும் வந்தது, கடகடப்பு மட்டும் இல்லை. லிஃப்டின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினால் பஞ்சு மூட்டை மாதிரி போய் மூடிக்கொண்டது. மேசை இழுப்பறைகள் கிறீச்சிடவில்லை. தொலைபேசியில் விளக்கு மின்னியதே தவிர மணி அடிக்கவில்லை. மனிதக் குரல் மட்டும் பழையபடி இருந்தது. குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும் என்பார்களே, இங்கே இரும்பு அலமாரியே சாய்ந்து விழுந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மின்சாரக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஏணி போட்டு ஏறி, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "கரென்ட் சரியாத்தான் வருது. சத்தம் எங்க வேலை இல்லை சார்" என்று சொல்லி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

முதல் வாரம் எல்லாரும் நிம்மதி, நிம்மதி என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அப்புறம்தான் சங்கடம் தெரிந்தது. இத்தனை வருஷமும் அந்தக் கடகடப்பும் கிறீச்சும்தான் ஒரு திரை மாதிரி தொங்கி ஆளுக்கு ஆள் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது. இப்போது கணக்குப் பிரிவில் ஒருவர் பெருமூச்சு விட்டால் மாடிப்படி வரைக்கும் போயிற்று. மேனேஜரைப் பற்றி ஹெட்கிளார்க் வாய்க்குள்ளே முணுமுணுத்தது மேனேஜர் அறைக்கே போய்ச் சேர்ந்தது. டைப்பிஸ்ட் பெண் தினமும் மதியம் கழிவறைக்குள் போய் அழுகிறாள் என்பது அப்போதுதான் முதன்முதலாக எல்லாருக்கும் தெரியவந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில் மேனேஜர்தான் வாய்விட்டுக் கேட்டார்: "அந்த அம்மா இருந்தப்போ இப்படியெல்லாம் இல்லையே?"

அந்த அம்மா இருந்தது தரைத்தளத்தில், தபால் பிரிவில். வருகிற கடிதங்களில் எல்லாம் தேதி முத்திரை குத்துவது அவர் வேலை. சின்ன வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர், நாற்பதைத் தாண்டியும் அதிலேயே இருந்தார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு, எல்லாருக்கும் முத்திரையக்கா. ஒருநாள் வீட்டுக்குப் போகும் பேருந்தில் ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. அதைக் கேட்டு அழுதபடியே கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தே திரும்பினார். அன்றைக்குப் பிடித்த பித்து. அந்த மெட்டைப் போட்ட இசையமைப்பாளர் யார் என்று விசாரித்து, அவர் போட்ட பாட்டை எல்லாம் தேடித் தேடிக் கேட்டார். முத்திரை குத்தும்போது மனசுக்குள்ளே தானும் ஏதோ மெட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அது வெளியே வந்ததில்லை. உதடு மட்டும் அசையும், கடிதத்தை வாய்க்குள் படிக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இசையமைப்பாளர் ஒரு சலவைக்கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தார். பெண்தான், முத்திரையக்காவைவிடப் பல வயது இளையவர், மூக்குக்கு மேலே கோபம். ஞாயிற்றுக்கிழமை ஆட்களைப் பார்ப்பாரே தவிர பியானோவைத் திறக்கமாட்டார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்திரையக்கா போய், தான் கட்டிய ஒரு மெட்டைப் பாடிக் காட்டினார். "பாடறது சகிக்கலை," என்றார் இசையமைப்பாளர். "ஆனா நடுவுல ஒரு இடத்துல திரும்பினீங்க பாருங்க, அது எனக்கு வராது. எனக்கு அரைநேர ஆள் வேணாம் அக்கா. வேலையை விட்டுட்டு வாங்க, பார்க்கலாம்." அந்தப் 'பார்க்கலாம்' ஒன்றை நம்பி ஒரு மனுஷி வேலையை விட்டார். நாத்தனார் மூக்கின் மேல் விரலை வைத்து, "இந்த வயசுல இது என்ன கூத்து?" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் கணவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். மூன்றாம் நாள், "சரி, போ. ஒருத்தர் சம்பளத்துல ஒப்பேத்தலாம்" என்றார்.

இசையமைப்பாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுந்திருப்பதே தாமதம், மாலையானால் ஒலிப்பதிவுக்குப் போய்விடுவார். மெட்டுப் போடுவது பகல் பத்து மணிக்கு மேல்தான். அதற்கு முன்னால் அறையைக் காலி செய்வார். நாற்காலியை இல்லை, சத்தத்தை. கடிகாரம் வெளியே போகும், ஜன்னல் சாத்தப்படும், கூட இருப்பவர்கள் மூச்சைக்கூட அளந்து விடவேண்டும். அறை முழுசாகக் காலியானால்தான் பாட்டு உள்ளே வரும் என்பது அவர் கட்சி. திங்கட்கிழமை முத்திரையக்கா போய் நின்றார். அறை காலியானது. சரியாகப் பத்து மணிக்கு அவருடைய இடது தோள் பக்கத்திலிருந்து மின்விசிறி ஒன்று கடகடக்க ஆரம்பித்தது. பின்னாலேயே இழுப்பறை கிறீச்சிட்டது, தொலைபேசி அடித்தது, லிஃப்ட் கதவு ஜல்லென்று விழுந்தது, எல்லாவற்றுக்கும் நடுவே டப், டப் என்று முத்திரை. இசையமைப்பாளர் பியானோவுக்கு அடியில் குனிந்து பார்த்தார், அக்காவின் கைப்பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே குடையும் சாப்பாட்டு டப்பாவும்தான் இருந்தன. மதியம் ஒரு மணிக்கு எல்லாம் அடங்கி, சாப்பாட்டு நேரம் முடிந்ததும் திரும்ப ஆரம்பித்து, ஐந்தரைக்கு ஓய்ந்தது. விடுமுறை நாட்களில் மூச்சே காட்டவில்லை.

முத்திரையக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து பார்த்தார். ஆற்றங்கரைக்குப் போய் பாதி நாள் உட்கார்ந்திருந்து, சத்தம் அசந்த நேரம் பார்த்து எழுந்து ஓடியும் பார்த்தார். அவருக்கு முன்னால் அவை பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த இசையமைப்பாளர் ஒருநாள் பியானோவைப் படாரென்று மூடினார். "இந்தச் சந்தையில நான் எப்படி வேலை பார்க்கறது? மழைக்காலம் முடியறதுக்குள்ள இதை எங்கயாவது விட்டுட்டு வாங்க. இல்லைன்னா வராதீங்க அக்கா." முத்திரையக்கா குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். வேலையும் போய், பாட்டும் போய், நாத்தனார் சொன்னதே சரி என்று ஆகிவிடுமே.

ஹெட்கிளார்க் வீடு தேடி வந்தது அந்தச் சமயத்தில்தான். அலுவலகத்தில் ஒரு பொருளும் சத்தம் போடுவதில்லை என்று சொல்லித் திரும்பக் கூப்பிட வந்திருந்தார். மறுநாளே முத்திரையக்கா அலுவலகம் போனார், சத்தத்தை ஒப்படைத்துவிட்டு வந்துவிடலாம் என்று. பழைய நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் விசிறி கடகடத்தது, லிஃப்ட் கதவு ஜல்லென்றது, கட்டடம் முழுக்க அலுவலகம் அலுவலகமாக ஆயிற்று. எல்லாரும் ஒரே நேரத்தில் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். டைப்பிஸ்ட் பெண் நிம்மதியாகக் கழிவறைக்குப் போனாள். சரி, ஆயிற்று என்று முத்திரையக்கா எழுந்தார். சத்தமும் எழுந்தது. உட்கார்ந்தார், உட்கார்ந்தது. ஹெட்கிளார்க் கையைப் பிசைந்தார். "அக்கா, நீங்க ஒரு வேலையும் செய்ய வேணாம். முத்திரைகூடக் குத்த வேணாம், அதுக்கு வேற ஆள் போட்டாச்சு. சும்மா உக்காந்திருந்தாப் போதும். பழைய சம்பளத்துக்கு மேலயே தர்றோம்."

அன்றைக்கு அவர் மாலை வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஆசை இல்லாமல் இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னார். கணவர் கையில் இருந்த கண்ணாடியைத் துடைத்துக் கீழே வைத்தார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். நீ திரும்பப் போனா எனக்குத் தூக்கம் வரும். ஆனா அவங்க உன்னைத் தேடி வரலை. அந்தச் சத்தத்தைத் தேடித்தான் வந்திருக்காங்க. அதை மட்டும் யோசிச்சுக்க" என்றார். முத்திரையக்கா யோசித்தார்.

மறுநாள் அவர் சலவைக்கடை மாடிக்குப் போய், உள்ளே வரவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறேன், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்றார். இசையமைப்பாளர் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவைச் சாத்தினார். மழைக்காலம் பூராவும் முத்திரையக்கா அந்தப் படியில்தான் இருந்தார். உள்ளே பியானோ நடக்கும், வெளியே அவருடைய அலுவலகம் நடக்கும். வேறு வேலை இல்லாததால் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார். லிஃப்ட் கதவை எடுத்துக்கொண்டார். அது விழுவதற்கு முன்னால் ஒரு சின்ன இழுப்பு இருந்தது, விழுந்தபின் ஒரு நடுக்கம். இத்தனை வருஷம் கேட்டும் அந்த நடுக்கம் எங்கே போய் முடிகிறது என்று அவர் கவனித்ததே இல்லை. அதற்குப் பொருத்தமாக ஒரு வரி தேடினார். நாட்கணக்கில் தேடினார். ஒருநாள் மதியம் அது வாயில் சரியாக வந்து உட்கார்ந்தது. பாடி முடித்ததும் லிஃப்ட் கதவு அவரைவிட்டுப் போய்விட்டது. அதே நேரம் அலுவலகத்தில் அது ஜல்லென்று விழ, லிஃப்டுக்கு வரிசையில் நின்றவர்கள் திடுக்கிட்டுப் பிறகு கைதட்டினார்கள்.

படிக்கட்டில் கதவு திறந்தது. "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார் இசையமைப்பாளர். முகம் சிவந்திருந்தது. "அந்த இடத்துல ஜல்லுன்னு ஒண்ணு விழணுமே, எங்க அது?" கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. இந்த மழைக்காலத்தில் அவர் போட்ட மெட்டுகள் எல்லாம், அவர் வாழ்க்கையிலேயே நல்ல மெட்டுகள், காலியான அறையில் வந்தவை இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலகத்தோடு சேர்ந்து நடந்தவை. அவர் படியில் இறங்கி வந்து முத்திரையக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டு, அக்கா பாட்டாக்கிய சத்தம் அவரைவிட்டுப் போய்விடும் என்பதைப் புரிந்துகொண்டார். பிறகு மெல்லக் கேட்டார். "மத்த சத்தத்துக்கெல்லாம் பாட்டுத் தேடாதீங்க அக்கா. எதுவும் கத்துக்கவே வேணாம். இங்கயே சும்மா உக்காந்திருந்தாப் போதும்."

முத்திரையக்கா அவர் முகத்தையே பார்த்தார். எந்தப் பாட்டுக்காகக் கடைசி நிறுத்தம் வரைக்கும் அழுதுகொண்டே போனாரோ, அதைப் போட்ட ஆள். ஹெட்கிளார்க் சொன்னதையே சொல்கிறார், வார்த்தைகூட மாறாமல். அவருக்குத் தாங்கவில்லை, அழுதேவிட்டார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "சும்மா உக்கார எனக்கு ஏற்கனவே ஒரு நாற்காலி இருக்கு டீச்சர், சம்பளத்தோட. நான் கத்துக்க வந்தேன். எல்லாச் சத்தமும் போனாலும் பரவாயில்லை, எனக்குச் சொல்லிக் கொடுங்க. முடியாதுன்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க." கீழே சலவைக்கடையில் யாரோ துணியை உதறினார்கள். இசையமைப்பாளர் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். பிறகு எழுந்து போய் கதவை அகலத் திறந்துவைத்து, "உள்ள வாங்க. செருப்பை அங்கயே விடுங்க" என்றார்.

அப்புறம் வருஷங்கள் போயின. இசையமைப்பாளர் திட்டித் திட்டித்தான் சொல்லிக் கொடுத்தார், ஆனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தார். இழுப்பறையின் கிறீச்சுக்கு முத்திரையக்கா மெட்டுக் கட்டிய வாரம் அலுவலகத்தின் இழுப்பறைகள் வாயைத் திறந்தன. தொலைபேசி போயிற்று, மாடிப்படியில் ஏறி இறங்கும் காலணிகளின் சத்தமும் போயிற்று. மின்விசிறிக்கு மட்டும் ஒரு கோடைகாலம் முழுக்கப் பிடித்தது. ஒவ்வொன்று போகும்போதும் அவர் ஒருநாள் துக்கம் காத்தார், இசையமைப்பாளரும் கூடவே காத்தார். அலுவலகத்தில் ஒவ்வொன்று வரும்போதும் ஆரவாரம் குறைந்துகொண்டே வந்தது. ஒருவரையொருவர் கேட்டுப் பழகிப்போயிருந்தார்கள். டைப்பிஸ்ட் பெண்ணின் பிரச்சினையை ஹெட்கிளார்க்கே நேரில் போய்ப் பேசித் தீர்த்துவைத்து வெகுநாள் ஆகியிருந்தது.

கடைசியாக மிஞ்சியது முத்திரை. அதற்கும் அவரிடம் வரி தயாராக இருந்தது. ஆனால் பாடவில்லை. "இது என்னோட கை போட்ட சத்தம். இதை நான் கொடுக்க மாட்டேன்" என்றார். இசையமைப்பாளர் முதன்முறையாக எதிர்த்துப் பேசவில்லை.

முத்திரையக்காவின் முதல் கச்சேரி ஒரு வேலைநாளில், பட்டப்பகலில் நடந்தது. வேறு வழியில்லை, ஐந்தரைக்கு மேல் முத்திரை வராது. அலுவலகத்தில் எல்லாருக்கும் அரைநாள் விடுப்புக் கொடுத்து மேனேஜரும் வந்திருந்தார். நாத்தனார் முன்வரிசை பிடித்திருந்தார். கணவர் தூணை ஒட்டி நின்றுகொண்டு, தேவையே இல்லாமல் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே ஒரு இடத்தில் முத்திரையக்கா வாத்தியங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்திருந்தார். அரங்கம் காலியானது. அந்த இடத்தில் டப் என்று ஒரே ஒரு தடவை, அவருடைய வலது கைப் பக்கத்திலிருந்து அது விழுந்தது. பின்வரிசையில் அலுவலகம் மொத்தமும் நிமிர்ந்து உட்கார்ந்தது. இசையமைப்பாளர் முகத்தை மூடிக்கொண்டார். முதல்நாள் அக்கா பாடியதில் கேட்ட அந்தத் திருப்பம் இன்னும் தனக்கு வரவில்லை என்று பின்னாளில் அவரே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், அதில் ஒரு பெருமையோடு.

முத்திரையக்காவின் கச்சேரிகள் இப்போதும் பகலில்தான் நடக்கின்றன, மதியச் சாப்பாட்டு நேரம் தவிர்த்து. அந்த அலுவலகத்தில் தேதி முத்திரைக்கு மட்டும் இன்றுவரை சத்தம் கிடையாது. அது பாட்டுக்கு விழுகிறது, மை பதிகிறது, கடிதம் அடுத்த மேசைக்குப் போகிறது. தபால் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம், தண்ணீர் அங்கே, லிஃப்ட் இங்கே, ஜன்னல் கொக்கி கொஞ்சம் முரண்டு பிடிக்கும் என்று காட்டிக்கொண்டு வரும்போதே, முத்திரை சத்தம் போடாது, அது வேறு இடத்தில் வேலையாக இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறார்கள்.