கேபினில் எல்லாரும் வேம்பு

வேம்புவின் வேலை போகப்போகிறது என்பது யார்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எண்ணூர் சாலையை ஒட்டிய அந்தக் கன்டெய்னர் யார்டின் வாசல் கேபினில் உட்கார்ந்து லாரிகளை வெளியே விடுகிறவள் அவள். சுங்கத்துறை நிறுத்திவைக்கச் சொன்ன பெட்டி ஒன்று, காலை ஷிப்ட் மாறும் சந்தடியில், கம்ப்யூட்டரில் அவள் பெயரில் அனுமதி பதிவாகி ஜம்மென்று வெளியே போயிருந்தது. அப்போது அவள் வியாசர்பாடியில் வீட்டில் இருந்தாள். அதை யாரும் மறுக்கவில்லை. அவளோடு ஷிப்ட் மாற்றி அதே வேலை பார்க்கிற, அப்போது கேபினில் இருந்த வல்லரசுவும் ஜெயவேலும் தங்களுக்கு எதுவும் தெரியாது என்று கைவிரித்தார்கள். பாஸ்வேர்டை யாருக்கோ கொடுத்திருக்கிறாள், வீட்டுக்கு அனுப்ப அது ஒன்றே போதும் என்றார் மேலாளர் ஞானதுரை. விசாரணை முடியும்வரை அவள் வரக் கூடாது, அவள் கணக்கையும் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

அந்த உத்தரவு ஜெமிமாவுக்கு. கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் பொறுப்பு. கல்மண்டபத்தில் மொத்த மளிகைக் கடை வைத்திருக்கும் வேதமாணிக்கத்தின் மகள். பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியதை இன்னும் மறக்காதவள். முன்பெல்லாம் கேட் பாஸுக்கு ஒன்று, எடை மேடைக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று ஆளுக்கு ஏகப்பட்ட பாஸ்வேர்டு. மறந்துவிட்டு வந்து தினமும் அவள் உயிரை வாங்குவார்கள். அதற்கு அவள் ஒரு முடிவு கட்டினாள். துறைமுக வாசலில் பாஸ் வாங்கியவனை உள்ளே ஒவ்வொரு ஷெட்டிலும் நீ யார் என்று குடைவதில்லை அல்லவா, அந்த மாதிரிதான். ஆளை அடையாளம் பார்க்க ஒரே ஓர் இடம். அங்கே பாஸ்வேர்டு போட்டால், இவர் இன்னார் என்று அது சீட்டு எழுதிக் கொடுக்கும். மற்ற செயலிகள் பாஸ்வேர்டைக் கண்ணால்கூடப் பார்க்காது. சீட்டை நம்பிக் கதவைத் திறந்துவிடும். லாரி வரிசை நிற்கக் கூடாது என்று, ஒருமுறை அடையாளம் பார்த்த கம்ப்யூட்டரில் ஒரு மாதத்துக்குத் திரும்பக் கேட்க வேண்டாம் என்றும் வைத்தாள். எல்லாரும் பாராட்டினார்கள், அவளும் உச்சி குளிர்ந்துபோனாள்.

வேம்பு போனில் அழவில்லை. யாருக்கும் கொடுக்கவில்லை என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் சொல்வதுதானே என்று நினைத்தாள் ஜெமிமா. ஆனாலும் விசாரணையில் தானும் பேசியாக வேண்டும். எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, பெட்டி போன அதே ஷிப்ட் மாறும் நேரத்தில் கேபினுக்குப் போனாள்.

வல்லரசு திரையில் 'வெளியேறு' என்பதை அழுத்திவிட்டு எழுந்தான். ஜெயவேல் உட்கார்ந்து 'நுழை' என்பதை அழுத்தினான். பாஸ்வேர்டு கேட்கவே இல்லை. 'வணக்கம், வேம்பு' என்றது திரை. ஜெயவேல் அதைச் சட்டை செய்யாமல் முதல் லாரியைக் கையசைத்துக் கூப்பிட்டான்.

ஜெமிமா திரையருகே குனிந்து பார்த்தாள். வல்லரசு வெளியேறியது கேட் செயலியிலிருந்து மட்டும்தான். ஷெட்டைவிட்டு வந்தானே தவிர, வாசலில் வாங்கிய பாஸ் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடந்தது. அதுவும் வேம்புவின் பாஸ். புது முறை வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை; வந்த அன்று அங்கே முதலில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டவள் அவள். அதற்கப்புறம் யார் 'நுழை' என்றாலும், இது வேம்பு என்றே சீட்டு எழுதப்பட்டது. வேம்பு உட்காரும்போது அவள் பெயரே வந்ததால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

வேறொருத்தி பெயர் வருவதை ஏன் யாருமே சொல்லவில்லை என்று ஜெயவேலைக் கேட்டாள்.

“மெசினுக்கு வேம்பு பேரை வெச்சுகீறீங்கன்னு நெனச்சோம். அல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுன்னு நீங்கதானே மேடம் எழுதி ஒட்னீங்க? அப்பால பிரச்சன வந்ததும், நம்ம தலைல வுழும்னு பயந்துகினு சும்மா இருந்தோம்.”

அவன் காட்டிய சுவரில் அவளுடைய அறிவிப்பு இருந்தது. 'இனி உங்களுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு.' ஒவ்வொருவருக்கும் எல்லா வேலைக்கும் ஒன்று என்பதுதான் அவள் சொல்லவந்தது. முதலில் 'உங்களுக்கு எல்லாம்' என்றுதான் அடித்தாள். பிரித்து எழுதினால் தமிழ் தெரியாதவள் எழுதியதுபோல் இருக்கிறது என்று சேர்த்துவிட்டாள். சேர்ந்ததும் அது உங்கள் எல்லாருக்கும் என்று ஆகிவிட்டது. இலக்கணப் பிழை மருந்துக்கும் இல்லை, அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

இதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டால் யாரும் கேட்கப்போவதில்லை. டேப்பின் ஓரத்தில் நகத்தை வைத்தேவிட்டாள். வைத்த பிறகு தன்னை நினைத்து அருவருப்பாக இருந்தது. கிழியாமல் பிரித்தெடுத்து, நேரே கொண்டுபோய் ஞானதுரையின் மேசையில் விரித்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். அப்படியானால் பெட்டியை வெளியே விட்டது யார் என்று கேட்டார்.

“கண்டுபிடிக்க முடியாது சார். அந்தக் கேபின்ல எல்லாரும் வேம்புதான். அப்படி ஆக்கினது நான்.”

ஜெமிமாவுக்கு மெமோ வந்தது. வேம்பு வேலைக்குத் திரும்பினாள். இப்போது 'வெளியேறு' என்றால் வாசல் பாஸும் சேர்ந்தே செத்துப்போகும். உட்காருகிற ஒவ்வொருவரும் தன் பாஸ்வேர்டைப் போட்டாக வேண்டும். அதில் வரிசை நின்றுபோக, வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வேம்பு திரும்பி வந்த முதல் நாள், அவள் நாற்காலிக்குப் பின்னால் ஜெமிமா போய் நின்றாள்.

“இப்ப இதுக்குள்ள நான் மட்டுந்தானே கீறேன், மேடம்?”

“நீங்க மட்டும்தான், அக்கா.”

வேம்பு தலையாட்டினாள். ஆனாலும் பாஸ்வேர்டு அடிக்கும்போது இடது கையைக் குவித்து விசைப்பலகையை மறைத்துக்கொண்டாள். ஜெமிமா முகத்தைத் திருப்பி, லாரி வரிசையைப் பார்த்தபடி நின்றாள்.