கண்ணாடிக் கதவுக்குள் ஒரு மூட்டைக் கிழங்கு

உருளைக்கிழங்கைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் நேராக என் தள்ளுவண்டிக்கு வந்துவிடுவார்கள். நான் என்ன டாக்டரா? தியேட்டருக்கு எதிரே பிளாஸ்டிக் விரிப்பைக் கூரையாகக் கட்டிக்கொண்டு, கிழங்கை நீளநீளமாக வெட்டி எண்ணெயில் பொரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் பொட்டலத்தில் போட்டுக் கொடுக்கிறவள். வாங்கினோமா, தின்றோமா, போனோமா என்று இருக்க மாட்டார்கள்.

"அக்கா, கிழங்குல முளை வந்துடுச்சு. சாப்பிடலாமா?"

"கெட்டியா இருக்கா, சுருங்கிடுச்சா? கெட்டின்னா முளையைத் தோண்டி எறிஞ்சிட்டுச் சமை. சுருங்கிப் போயிருந்தா தூக்கிப் போடு."

"தோல் பச்சையா இருக்கேக்கா?"

"ஜன்னல் ஓரமா வெச்சிருப்பே. லேசா இருந்தா ஆழமா சீவிடு. உள்ளேயும் பச்சைன்னா ஆசைப்படாத."

"வெங்காயக் கூடையிலேயே போட்டு வெச்சிருக்கேன், பரவாயில்லையா?"

"ரொம்ப நல்லது. ரெண்டும் ஒண்ணா சேர்ந்து அழுகட்டும்."

எரிச்சலோடுதான் பதில் சொல்வேன். ஆனாலும் மறுநாள் வந்து மறுபடி கேட்பார்கள். இந்தத் தெருவில் என்னிடம் எதையும் கேட்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரர்தான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், அந்த மனுஷன் வாயிலிருந்து "இது எப்படி?" என்று ஒரு கேள்வி என்னை நோக்கி வந்ததில்லை. எல்லாம் அவருக்கே தெரியும்.

அப்படித் தெரிந்துதான் அந்த பிரிட்ஜை வாங்கி வந்தார். எங்கேயோ மூடிவிட்ட பேக்கரியில் நின்றிருந்த கண்ணாடிக் கதவு பிரிட்ஜ். ஆள் உயரத்தைவிட அதிகம். வாசல் வழியாக நுழையாததால் வீட்டுக் கதவையே கழற்றி உள்ளே தள்ளினார்கள். அதன் பிறகு வீட்டில் நாங்கள் ஒருக்களித்து நடந்தோம், அது தாராளமாக நின்றது. உள்ளே ஒரு விளக்கு, அணையவே அணையாது. உப்புப் பாக்கெட்டைக்கூட எடுத்து உள்ளே வைத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வாரம் புது மூட்டைக் கிழங்கு வந்தது. எப்போதும் சாக்கோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். நான் வண்டியில் இருந்த நேரம் பார்த்து, அவர் மூட்டையைப் பிரித்துக் கண்ணாடிக் கதவுக்குள் தட்டு தட்டாக அடுக்கியிருந்தார்.

"சாக்குக்குள்ள கிடந்து புழுங்குது பாவம். இப்ப பாரு, எப்படி ஃப்ரெஷ்ஷா இருக்கு!" என்றார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பிறந்ததிலிருந்து பிரிட்ஜ் வைத்து ஆண்டவளா என்ன? சரி என்று விட்டுவிட்டேன்.

சனி பிடித்தது அன்றிலிருந்துதான். எண்ணெயில் போட்ட கிழங்கு பொன்னிறமாக வருவதற்குப் பதில் பழுப்பாக வந்தது. தீயைக் குறைத்தால் வெளியே பழுப்பு, உள்ளே நசநச. தீயைக் கூட்டினால் கருப்பு. வாயில் வைத்தால் ஒரு திரிந்த இனிப்பு, முடிவில் கசப்பு. "என்னக்கா, கருக்கிட்டீங்க?" என்று வாடிக்கையாக வருகிற பையன்களே பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வேறு சமயமாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன். தியேட்டருக்குள் தின்பண்டக் கடை காலியாகியிருந்தது. மேனேஜரே ரோட்டைத் தாண்டி வந்து, "சனிக்கிழமை காலையில வந்து பொரிச்சுக் காட்டுங்க. நல்லா இருந்தா இடம் உங்களுக்கு. இல்லாட்டி வேற ஆள் வரிசையில நிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். தலைக்கு மேல் நிஜமான கூரை. குழாயில் தண்ணீர். ஃபேன். போன மழையில் விரிப்பு கிழிந்து தேங்கிய தண்ணீர் அப்படியே கொதிக்கிற எண்ணெயில் கொட்டி, அது சீறி என் கை மேல் தெறித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இன்னொரு மழைக்காலம் அந்த விரிப்புக்குக் கீழே நிற்க என்னால் முடியாது. அந்த இடம் எனக்கு வேண்டும்.

"எண்ணெய்தான் கோளாறு. அந்த ஆள் கலப்படம் பண்றான்" என்றார் என் வீட்டுக்காரர்.

நம்பினேன். எண்ணெய்க்காரரை நடுத்தெருவில் நிற்க வைத்துக் கிழித்தேன். பாவம், அவர் முகத்தில் ஈயாடவில்லை. வேறு கடையில் வேறு எண்ணெய் வாங்கினேன். பழுப்பு. வெட்டின கிழங்கை அதிக நேரம் தண்ணீரில் ஊற வைத்தேன். பழுப்பு. வாணலியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து என் கைதான் ஓய்ந்தது. மறுபடியும் பழுப்பு. ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறவளுக்குச் சொந்தக் கிழங்கு பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் நாத்தனார் ஒரு கிண்ணத்தோடு வந்தாள். அடுத்த அறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

"அண்ணி, நீங்க பொரிச்சதைத் தின்னு வாய் செத்துப்போச்சு. அதான் நானே பொரிச்சேன். சாப்பிட்டுப் பாருங்க."

பார்த்தேன். ஒவ்வொரு துண்டும் தங்கமாக இருந்தது. கடித்தால் மொறுக்கென்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்கடி வாங்கின இந்தக் கிழங்கு?"

"எங்க வாங்கினேன்? மூட்டை வந்த அன்னிக்கு நீங்க குடுத்ததுதான். அதே மூட்டை."

"எதுல வெச்சிருந்த?"

"துணிப் பையில போட்டு மெஷினுக்கு அடியில. அண்ணன்கிட்ட பிரிட்ஜ்ல கொஞ்சம் இடம் குடுங்கன்னு கேட்டேன். எல்லாரும் அதைத் திறந்து திறந்து மூடினா கெட்டுடும்னு விரட்டிட்டாரு."

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். ஒரு கிழங்கை எடுத்து வேகவைத்து, உப்பு கூடப் போடாமல் கடித்தேன். இனித்தது. குளிரில் கிடந்து கிடந்து கிழங்குக்குள்ளேயே சர்க்கரை ஏறியிருக்கிறது. சர்க்கரை சூடான எண்ணெயில் விழுந்தால் கருகாமல் என்ன செய்யும்? அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கண்ணாடி உடையாமல் இருந்ததே பெரிய விஷயம்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரே வாணலி, ஒரே எண்ணெய். முதலில் நாத்தனாரின் கிழங்கு. அடுத்து பிரிட்ஜ் கிழங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டில் வைத்தேன். குழந்தைகூடச் சொல்லிவிடும்.

அவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிச்சம் இந்தப் பக்கம் கம்மியா இருக்கு. அதான் அப்படித் தெரியுது."

"தின்னு பாருங்க."

இரண்டையும் தின்றார். "அடுப்பு ஒரு பக்கமா எரியுது."

"கிழங்கைப் பிரிட்ஜ்ல வெச்சதுதாங்க தப்பு! குளிர்ல சர்க்கரை ஏறித்தான் கருகுது, அந்த லைட்டுக்குப் பச்சையும் புடிச்சுக்கும். அதுக்கு இருட்டு வேணும், காத்து வேணும், இந்தக் குளிரு ஆகாது. தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் விட்டுடறேன்."

"குளிர்ல வெச்சா எதாவது கெடுமா? உலகமே வெச்சிருக்கு. பைத்தியம் மாதிரி பேசாத" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாமா, அந்த பிரிட்ஜில் முட்டிக்கொள்ளலாமா என்று நின்றேன்.

நாத்தனார் தன் அறைக்குப் போய், மெஷினுக்கு அடியிலிருந்த துணிப் பையை அப்படியே கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "நாளைக்கு ஒரு வேளைக்கு இது போதும் அண்ணி" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை தியேட்டருக்குள் அந்தக் காலிக் கடையில் அடுப்பைப் பற்றவைத்தேன். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் பக்கத்தில் வந்து நின்றார். உதவிக்கு என்றார். என்ன உதவி என்று நான் கேட்கவில்லை.

எண்ணெய் காய்ந்தது. கிழங்கைப் போட்டேன். ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மஞ்சள் ஏறி, மெல்ல மெல்லப் பொன்னாகி மேலே மிதந்து வந்தது. அப்பாடா!

மேனேஜர் ஒரு துண்டை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு தட்டையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பிரமாதம்! கிழங்கை எங்க ஸ்டாக் வைக்கிறீங்க? எலி, பூச்சி எதுவும் இங்க ஆகாது. அதான் கேக்கறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எலியா? நம்மகிட்ட பெரிய பிரிட்ஜ் இருக்கு சார். கண்ணாடிக் கதவு. எல்லாம் அதுலதான்."

பாவி மனுஷா!

மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, அதைத்தான் தேடிட்டிருந்தேன்! அதை அப்படியே இங்க கொண்டுவந்து முன்னாடி நிறுத்திடுங்க. கிழங்கை வரிசையா அடுக்கி லைட்டைப் போட்டா ஜனங்க பார்த்தே வாங்குவாங்க. முடிஞ்சது, இடம் உங்களுக்குத்தான். ஆனா பிரிட்ஜ் வந்தாகணும், கிழங்கு அதுலதான் இருக்கணும். சரியா?"

சரி என்று சொன்னால் ஒரு வாரத்தில் பழுப்புக் கிழங்கோடு வெளியே துரத்துவார். முடியாது என்று சொன்னால் இப்போதே போக வேண்டியதுதான், மறுபடி அந்தக் கிழிந்த விரிப்பு. அடுப்புச் சூட்டில் கைத்தழும்பு காந்தியது. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். என் கண்ணில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றார்.

"என்ன இல்ல?"

"கிழங்கைப் பிரிட்ஜ்ல வைக்கக் கூடாது சார். குளிர்ல சர்க்கரை ஏறிடும், எண்ணெயில போட்டா கருகிடும். அந்த லைட்டுக்குப் பச்சையும் புடிச்சுக்கும். அதுக்கு இருட்டு வேணும், காத்து வேணும்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான் தெரியாம வெச்சு ஒரு மூட்டையைக் கெடுத்தேன். இவ படிச்சுப் படிச்சுச் சொன்னா. நான் கேக்கல. நீங்க இப்ப தின்னது என் தங்கச்சி தனியா வெச்சிருந்த கிழங்கு."

மேனேஜர் அவரையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப பிரிட்ஜ்?"

"ஜூஸ் பாட்டில் அடுக்கலாம் சார். அதுக்கு ஜோரா இருக்கும்."

மேனேஜர் சிரித்துவிட்டார். "நல்ல ஆளுய்யா நீ. படிக்கட்டுக்கு அடியில ஒரு ரூம் பூட்டிக் கிடக்கு. ஒரே இருட்டு, மேல காத்து வர ஓட்டை இருக்கு. அதைச் சுத்தம் பண்ணிக் கிழங்கைப் போட்டுக்கோங்க. எலி வந்தா நீங்களே பொறுப்பு" என்று கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு போனார்.

இடம் கிடைத்துவிட்டது. குதிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் தியேட்டர் வாசலைத் தாண்டியதும் எனக்குக் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க, வீட்டுல அத்தனை கத்து கத்தினேனே! என்கிட்ட ஒரு வார்த்தை 'தப்பு'ன்னு சொல்ல வாய் வரல. யாரோ ஒரு மனுஷன்கிட்ட மழை மாதிரி கொட்டறீங்க?"

"நீ சொன்னதைத்தானே சொன்னேன்."

"அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"உன்கிட்ட சொன்னா சும்மா விடுவியா? ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே."

காட்டுவேன்தான். இல்லை என்று சொல்ல முடியவில்லை. வேகமாக முன்னால் நடந்தேன். அவர் வாணலியைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார்.

"இந்தா" என்றார் பின்னாலிருந்து.

"என்ன?"

"பிரிட்ஜ்ல மிச்சம் இருக்குற கிழங்கை என்ன பண்றது?"

கால் நின்றுவிட்டது. தெரு முழுக்கக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போன மாதிரியான கேள்வி. இந்த மனுஷன் கேட்பது இதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தோன்றியதால் திரும்பவில்லை.

"வெளியே எடுத்துத் துடைச்சு இருட்டுல போடுங்க. ரெண்டு மூணு வாரத்துல கொஞ்சம் தேறும். அதுவரைக்கும் வேகவெச்சுத் தின்னலாம், பொரிக்க ஆகாது."

"துடைச்சா போதுமா? கழுவிட்டு வைக்கட்டுமா?"

"கழுவாதீங்க! ஈரம் பட்டா அழுகிடும்."

"வெங்காயம் பக்கத்துல இருக்கலாமா?"

"மனுஷா, வாயை மூடிக்கிட்டு நடங்க" என்றேன். சொல்லிவிட்டு, வெங்காயம் ஏன் கூடாது என்பதையும் வீடு போய்ச் சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.