பொட்டுவுக்குக் காவல்

சந்திரநாத நயினார் அந்த அறைக் கதவைத் திறந்தது இரக்கப்பட்டுத்தான்.

அறுபத்தாறாம் வருஷத்துக் கார்த்திகை மாதம். செஞ்சியில் மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. மருமகள் ஜ்வாலாமாலினி, மேல்சித்தாமூரில் அக்காள் வீட்டு விசேஷத்துக்குக் காலை பஸ்ஸிலேயே கிளம்பிவிட்டாள். மகன் ஸ்ரீபாலுக்குத் திண்டிவனத்தில் மண்டி வேலை, சனிக்கிழமைதான் வருவான். வீட்டில் இருந்தது அறுபத்தெட்டு வயது நயினாரும், பின்கட்டு மூட்டை அறைக்குள் அடைபட்டிருந்த பொட்டுவும்தான்.

பொட்டு ஒரு வயதுகூட நிரம்பாத பெட்டை நாய். செவலை நிறம், நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி. போன சித்திரையில் சிங்கவரம் ரோட்டில் மாட்டுவண்டிச் சக்கரம் அதன் இடுப்பில் ஏறிவிட்டது. அந்தப் பக்கம் போன ஜ்வாலாமாலினிதான் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நாயா என்று நயினார் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் அதற்குப் பால்சோறு பிசைந்து வைத்தவரும் அவர்தான். கால்நடை ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பச்சைமுத்து, இது கட்டுப் போட முடியாத இடம் என்று சொல்லி, ஆறு வாரம் அசையவிடாமல் படுக்கப் போடச் சொன்னார். பிழைத்து எழுந்தது. நடை மட்டும் கொஞ்சம் கோணல்.

இப்போது பதினோரு நாளுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் சொட்டுச் சொட்டாய் ரத்தம் தெரிந்தது. ஜ்வாலாமாலினி ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். வந்தவள் மாமனாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"மாமா, மூணு வாரத்துக்குப் பொட்டுவை வெளிய விட வேணாம்னு கம்பவுண்டர் சொன்னாரு."

"சரிம்மா."

அவ்வளவுதான் பேச்சு. ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மாமனாரும் மருமகளும் உட்கார்ந்து பேசுகிற விஷயமா அது?

நாலாம் நாளிலிருந்து தெருவில் கடுவன் நாய்கள் வந்து சேர்ந்தன. ரைஸ் மில்லின் கறுப்பு நாய், பஸ் ஸ்டாண்டில் திரியும் காதறுந்த நாய், எந்த ஊர் என்றே தெரியாத இரண்டு மூன்று. வாசலில் படுத்துக் கிடப்பதும், பின்சுவரைப் பிறாண்டுவதும், ஒன்றையொன்று கடித்துக் குதறுவதுமாக இருந்தன. "ஒரு அண்டா சுடுதண்ணி எடுத்து ஊத்துங்க நயினாரே, ஒண்ணுகூட நிக்காது" என்றாள் எதிர்வீட்டுப் பவுனம்மாள். எறும்பு போகிற வழியில் கால் வைக்கத் தயங்குகிற சமண வீடு அது. ஜ்வாலாமாலினி சொம்பில் பச்சைத் தண்ணீர் எடுத்துத் தெளிப்பாள். நாய்கள் நாலடி தள்ளிப் போய் மறுபடியும் படுத்துக்கொள்ளும்.

பன்னிரண்டாம் நாள்தான் நயினார் தனியாக இருந்தார். பொட்டு காலையிலிருந்து கதவைச் சுரண்டி முனகிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். இரண்டு நாளாகத் தரையில் ஒரு கறைகூட இல்லை. சரி, நின்றுவிட்டது, சமாசாரம் முடிந்தது என்று நினைத்தார். ஒரு ஜீவனை இப்படிப் பன்னிரண்டு நாள் இருட்டில் போட்டு வைத்திருப்பது அவருக்குப் பெரும் பாவமாகவே பட்டுக்கொண்டிருந்தது. முற்றத்து வெயிலில் கொஞ்ச நேரம் படுக்கட்டுமே. தாழ்ப்பாளை நீக்கினார்.

பொட்டு அவர் காலைச் சுற்றி வாலை ஆட்டியது. அப்புறம் தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது. காலையில் தோட்டத்துக்குப் போய்வந்த நயினார் பின்கதவைச் சாத்தினாரே தவிரத் தாழ் போடவில்லை. மூக்கால் கதவை நெம்பிக்கொண்டு அது வெளியே போன பிறகுதான் அவருக்கு அது நினைவு வந்தது.

மேல்துண்டை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். அந்த வயதில் ஓட்டம் என்று சொல்ல முடியாது. வாசலில் ஒரு நாயும் இல்லை. தெருமுனை வரை எட்டிப் பார்த்தார்.

"கோட்டைப் பக்கமா போச்சு நயினாரே, பின்னாலயே ஏழெட்டு" என்று பவுனம்மாள் கையைக் காட்டினாள்.

கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரியின் அடிவாரம் முழுக்க மல்லாட்டைக் கொல்லைகள். பிடுங்கிப் போட்ட கடலைச் செடிகளிலிருந்து பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு கொல்லையில் கேட்டார், இந்தப் பக்கம் வரவில்லை என்றார்கள். அடுத்ததில் கேட்டார். ஒரு பாறையைச் சுற்றி வந்தார், அங்கே ஆடுகள்தான் நின்றன. அரைமணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காலில் நெருஞ்சி முள் ஏறியதுகூடத் தெரியவில்லை. கடைசியில் குரைப்புச் சத்தம் கேட்டுத்தான் இடம் தெரிந்தது.

வரப்பு ஓரத்தில் ஒரு பெரிய கூடை கவிழ்த்து வைத்திருந்தது. அதன்மேல் தைலம்மாள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு அறுவடைக்கும் நயினார் கொல்லையில் காய் ஆய வருகிறவள். சுற்றிலும் நாய்கள். மற்றப் பெண்கள் மல்லாட்டைக் கொடியை வீசி வீசி அவற்றைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். கூடைக்குள்ளிருந்து முனகல் வந்தது.

"உங்க வீட்டு நாயாச்சேன்னு புடிச்சி கவுத்துட்டேன் நயினாரே. ஆளு இல்லாம எறங்க முடியல" என்றாள் தைலம்மாள்.

நயினார் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கேட்க வேண்டியதை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் மேல்துண்டை முறுக்கினார்.

"நீ புடிக்கறதுக்கு முன்னாடி..."

அவளுக்குப் புரிந்தது. "அது தெரியல. நான் பாக்கறப்ப எல்லாம் ஒரே கும்பலா இருந்துது. உள்ள பூந்து தூக்கிட்டேன். ஒட்டிக்கிட்டு நிக்கல, அது மட்டும் நிச்சயம். அதுக்கு முன்னால இன்னா ஆச்சோ."

பொட்டுவைத் தோளில் போட்டுக்கொண்டு நயினார் நடந்தார். தைலம்மாள் கொடியைச் சுழற்றிக்கொண்டே வீடு வரைக்கும் கூட வந்தாள். மூட்டை அறையில் விட்டுத் தாழ் போட்டு, தாழை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாப்பிடாமலே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பச்சைமுத்து பொறுமையாகக் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"ரத்தம் நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தமில்ல நயினாரே. அப்பத்தான் ஆபத்தே ஆரம்பிக்குது. மொதல்ல பத்து நாள் பக்கத்துல வர்ற கடுவனைக் கடிச்சித் தொரத்தும். அதுக்கப்புறம் ஒரு வாரம் அதுவே தேடிக்கிட்டு ஓடும். அதனாலதான் மூணு வாரம் முழுசா அடைக்கச் சொன்னேன். மருமகப் பொண்ணு சொல்லலியா?"

நயினார் குனிந்து காலில் ஏறியிருந்த நெருஞ்சி முள்ளைப் பிடுங்கினார்.

"மத்த நாயா இருந்தா நாலு குட்டி போட்டுட்டுப் போவட்டும்னு விட்டுடலாம். இதுக்கு இடுப்பெலும்பு கோணலா கூடியிருக்குது. குட்டி தலை அந்த வழியா வராது. அறுத்து எடுக்கணும்னா மெட்ராஸுக்குத்தான் போவணும். வலி எடுத்த அப்புறம் அவ்வளவு தூரம் தாங்காது." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கலைக்கறதுக்கு ஊசி இருக்குதுன்னு..." என்று தொடங்கினார்.

"அது வேணாம் தம்பி."

"நானும் சொல்ல மாட்டேன், அதுலயும் உயிருக்கு ஆபத்து இருக்குது. ஒரு மாசம் போவட்டும். வயித்துல கை வெச்சிப் பாக்கலாம்."

சாயங்காலம் ஜ்வாலாமாலினி ஊரிலிருந்து வந்து பொட்டுவைப் பார்த்தாள், தலையைத் தடவினாள், சோறு வைத்தாள். நயினார் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. நாலாம் நாள், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடிக்க வேண்டும் என்று அவள் அவசரமாகப் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவர் இலையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டார்.

"நீ ஊருக்குப் போன அன்னைக்கு நான்தான்மா கதவைத் தொறந்து விட்டேன். ஓடிப் போச்சு."

கரண்டி அப்படியே நின்றது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். கூடை, தைலம்மாள், கம்பவுண்டர் சொன்னது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏன் மூணு வாரம்னு நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும் மாமா" என்றாள். "வெக்கமா இருந்துது. உங்களுக்கு எப்பிடிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

"நான் மட்டும் கேட்டேனா?"

அன்றைக்கு அவர் மோரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச முடிந்தது. முதலில் இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டு பேசினார்கள். போகப் போக, மாடு சினைப்பட்டதா என்று பேசுவது போலப் பேச வந்துவிட்டது. இருபத்தோரு நாள் முடிந்தும் அவள் கதவைத் திறக்கவில்லை. இன்னும் நாலு நாள் சேர்த்து அடைத்தாள். வெளியே கூட்டிப் போகும்போதெல்லாம் கயிற்றின் ஒரு முனை அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது, நயினார் முன்னால் போய்ப் பின்கதவுத் தாழைப் பார்த்துவிட்டு வருவார். தெருவில் நாய்கள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. கடைசியாக மில்லின் கறுப்பு நாயும் போய்விட்டது.

ஒரு மாதம் ஆனதும் பச்சைமுத்து வீட்டுக்கே வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பொட்டுவுக்கு இடுப்பைத் தொட்டாலே பயம். வயிற்றை இரும்பு மாதிரி இறுக்கிக்கொண்டது.

"சொல்ல முடியல. இருக்குற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குது" என்று கையைக் கழுவினார்.

நயினாருக்குத் தூக்கம் குறைந்தது. கோயிலுக்குப் போனால் கண்ணை மூடியதும் கோணல் நடை நடந்து அது பின்கதவைத் தாண்டுவதுதான் தெரிந்தது. ஊரில் பொங்கல் வந்தது, போனது. தை பிறந்து பத்தாம் நாள் காலை, மூட்டை அறை மூலையில் வைக்கோலைப் பிறாண்டிக் குழி பறித்துக்கொண்டு பொட்டு படுத்திருப்பதைப் பார்த்தார். பக்கத்தில் போனார். உர்ரென்றது, அவரிடம் அது ஒருநாளும் உறுமியதில்லை. மடியெல்லாம் வீங்கியிருந்தது. காம்பு நுனியில் வெள்ளையாக ஒரு துளி.

"அம்மா ஜ்வாலா, பால் எறங்கிடுச்சும்மா."

அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தாள். பழைய புடவை ஒன்றை எடுத்து வந்தாள். அதில் பொட்டுவைச் சுற்றி நயினார் தூக்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு விரைந்தார்கள். எதிரே வந்தவர்கள் கேட்டதற்கும் நிற்கவில்லை.

பச்சைமுத்து பொட்டுவை மேஜையில் நிறுத்தினார். ஜ்வாலாமாலினி அதன் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். இந்த முறை வயிறு இறுகவில்லை. அவர் விரல்கள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெதுவாகப் போயின. திரும்பி வந்தன. மறுபடியும் போயின. ஸ்டெதாஸ்கோப்பை வைத்து ரொம்ப நேரம் கேட்டார்.

"இன்னிக்கு எத்தினி நாள் நயினாரே?"

"அம்பத்தேழு."

"அம்பத்தேழு நாள்ல குட்டி இருந்தா தலையெல்லாம் கையில உருளும். இதுல ஒண்ணும் இல்ல. வயிறு காலி."

நயினாருக்குச் சரியாகக் காதில் விழவில்லை. "பால் வருதே தம்பி."

"பொய்ச்சினை. தீட்டு வந்து ரெண்டு மாசம் ஆனா சில பெட்டைக்கு இப்பிடி ஆவும், கடுவன் பக்கத்துலயே வராட்டிக்கூட. அது மனசுல குட்டி இருக்குதுன்னு நெனச்சிக்கும், ஒடம்பும் நம்பிடும். பாலைக் கறந்துடாதீங்க, கறந்தா இன்னும் சொரக்கும். சோத்தைக் கொஞ்சம் கொறைங்க. ரெண்டு வாரத்துல தானா வத்திடும்."

"நிச்சயமா?"

"நிச்சயம் நயினாரே. சந்தேகம்னா அன்னைக்கு மாதிரி சந்தேகம்னே சொல்லியிருப்பேன்."

ஜ்வாலாமாலினி பொட்டுவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நயினார் சுவரோரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இரண்டு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போவது உடம்பிலேயே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறைக்கவும் இல்லை. பச்சைமுத்து அடுத்த மாட்டைக் கவனிப்பது போல வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பொட்டு நேராகத் தன் வைக்கோல் குழிக்குப் போனது. எங்கிருந்தோ ஒரு தேங்காய் மட்டையைக் கவ்விக்கொண்டு வந்து வயிற்றோரம் வைத்து நக்கத் தொடங்கியது. ஜ்வாலாமாலினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆடியில மறுபடியும் வரும் மாமா. அப்ப இன்னா பண்றது?"

"ரெண்டு பேருமா காவல் இருப்போம். நாள் கணக்கை நான் வெச்சிக்கிறேன், கறையை நீ பாரு. முழுசா முடியற வரைக்கும் நான் தாழைத் தொட மாட்டேன்."

மத்தியானம் அவர் வெகுநாள் கழித்து நன்றாகத் தூங்கினார். எழுந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு தைலம்மாள் தெருவுக்கு நடந்தார். இத்தனை வருஷத்தில் ஆள் விட்டுத்தான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார், ஒருநாளும் அங்கே தானாகப் போனதில்லை. அவள் வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"இன்னா நயினாரே, நீங்க எதுக்கு இங்க வந்தீங்க? பொட்டுவுக்கு..."

"ஒண்ணும் இல்லையாம் தைலம்மா. வயிறு காலியாம். கம்பவுண்டர் கை வெச்சிப் பாத்துச் சொல்லிட்டாரு."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "நெசமாவா? அந்த இடுப்போட குட்டி போட்டா தாங்காதுன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. பொங்கலுக்கு அப்புறம் உங்க தெருப் பக்கம் ரெண்டு தபா வந்தேன். கேக்க மனசு வரல, திரும்பிட்டேன். நாம கொஞ்சம் முன்னாடி பாத்திருந்தா அந்த வாயில்லா ஜீவன் தப்பிச்சிருக்குமேன்னு ராத்திரியெல்லாம் நெனப்பு."

"நீ நேரத்துக்குத்தான் புடிச்சிருக்கே."

"அப்பிடித்தான் ஆயிருக்குது."

உட்காருங்கள் என்று சொல்வதா வேண்டாமா என்று அவள் தயங்கினாள். அதற்குள் நயினார் வேப்பமரத்தடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். தைலம்மாள், கூடைக்குள் இருந்தபடி பொட்டு, மேலே உட்கார்ந்திருந்த தன்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இரண்டடி நகர்ந்ததையும், அந்தக் காதறுந்த நாய் தன் முந்தானையைக் கவ்வி இழுத்ததையும் சொன்னாள். அன்றைக்கு அதையெல்லாம் சொல்ல நேரமில்லை. கேட்கக் கேட்க நயினார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.